பன்றிகள் முதலில் இருமின

1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரை அண்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழத் தொடங்கினர். முதலில் தலையிடி, பின்னர் வாந்தி, அதன்பின் மயக்கம், சிலருக்கு வலிப்பு. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களிற் பலர் நினைவு திரும்பாமலே இறந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் சீனர்கள். தோட்டங்களை விட்டு வெளியேறிப் பண்ணைகளிற் கூலி வேலைக்குச் சேர்ந்திருந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுள் இருந்தனர்.

அந்த நாட்களில் வெளிநாட்டுச் செய்தி முகவரகங்கள் அனுப்பும் செய்திகளை மொழிபெயர்க்கும் மேசையில் நானும் ஒருவனாக இருந்தேன். மலேசியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவுகிறது, நுளம்பு ஒழிப்பு தீவிரமாக நடைபெறுகிறது என்ற பொருள்பட ஒரு சிறு செய்தியை உலகச் செய்திப் பக்கத்தின் அடியிற் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். அச்செய்தியில் இருந்த நோயின் பெயர் தவறு. அந்தத் தவற்றை நாங்கள் கண்டுபிடித்திருக்க முடியாதுதான். ஆனால், ஒரு நோய்க்குத் தவறான பெயர் சூட்டப்படும்போது எத்தனை உயிர்கள் அதற்கு விலையாகின்றன என்பதைப் பின்னாளிற் படித்து அறிந்தபோது, அந்த நான்கு வரிச் செய்தி என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இக்கட்டுரை அந்த உறுத்தலின் விளைவு.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று மலேசிய வைத்தியர்கள் முதலில் முடிவு செய்தது அறியாமையினால் அன்று. அந்நாட்டுக்கு அந்நோய் புதியதல்ல. பன்றி, நுளம்பு, மூளை அழற்சி ஆகிய மூன்றும் ஓரிடத்திற் சேர்ந்தால் எந்த வைத்தியரின் மனதிலும் எழக்கூடிய முதற் பெயர் அதுதான். போதாததற்குச் சில நோயாளிகளின் இரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்புடலங்களும் காணப்பட்டன.

இலங்கை வாசகர்களுக்கும் அந்நோய் அந்நியமானதல்ல. 1985-86 காலப்பகுதியிலும் மீண்டும் 1987-88 இலும் அநுராதபுரம் மாவட்டத்தில் அது பெரும் தொற்றாக வெடித்தது. மகாவலித் திட்டத்தின் கீழ் புதிய வயல்கள் உருவாகியிருந்தன. தேங்கி நின்ற வயல் நீரில் கியூலெக்ஸ் நுளம்புகள் பெருகின. குடியேறிய விவசாயிகளுக்கு மேலதிக வருமானம் கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கத்துடன் பன்றி வளர்ப்பும் அப்பகுதிகளில் ஊக்குவிக்கப்பட்டது. இந்த வைரஸ் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் வாழ்வது. பறவையிடமிருந்து நுளம்பு அதனைப் பன்றிக்குக் கொண்டுசெல்லும். பன்றியின் உடலில் அது பெருமளவில் பெருகும். பன்றியைக் கடித்த நுளம்பு அடுத்ததாக மனிதனைக் கடிக்கும். நீர்ப்பாசனத்தை ஒரு திணைக்களமும், கால்நடையை இன்னொரு திணைக்களமும், சுகாதாரத்தை மூன்றாவது திணைக்களமும் பார்த்துக்கொண்டன. வயலும் பன்றிக்கொட்டிலும் குடியிருப்பும் அருகருகே அமைந்தால் என்ன நடக்கும் என்பதை மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. 1988 இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பின்னரே நிலைமை படிப்படியாகக் கட்டுக்குள் வந்தது.

ஆகவே மலேசிய அதிகாரிகள் அறிந்த நோய்க்கு அறிந்த வைத்தியத்தைச் செய்தனர். கிராமங்களிற் புகையடித்தனர். மனிதருக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை.

பின்னோக்கிப் பார்க்கும்போது, அந்தப் பெயர் பொருந்தாது என்பதற்கான அடையாளங்கள் கண்முன்னே கிடந்தன என்பது விளங்குகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களையே தாக்கும். இங்கு விழுந்தவர்களோ உழைக்கும் வயதில் இருந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோய்ப்பட்டனர். பண்ணைகளுக்கு அப்பால், பன்றியைத் தீண்டாத மலாய் முஸ்லிம் மக்கள் அதே நுளம்புகளின் நடுவே வாழ்ந்தனர். ஆயினும் அவர்களை நோய் அணுகவில்லை. நுளம்பு இனமோ மதமோ பார்த்துக் கடிப்பதில்லை. நோய் ஆள் பார்த்து வருகிறதென்றால், அது நுளம்பின் வழியாக வரவில்லை என்பதே பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகள் இருமின. சாதாரண இருமல் அன்று. நாய் குரைப்பது போன்ற, தொலைவுக்குக் கேட்கும் இருமல். மூச்சுத் திணறல், உடல் நடுக்கம், தாய்ப்பன்றிகளின் திடீர் மரணம் ஆகியவற்றையும் பண்ணையாளர்கள் கண்டிருந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியின் உடலிற் பெருகினாலும், வளர்ந்த பன்றியை இவ்வாறு நோயாளியாக்குவதில்லை. சினைப்பன்றிகள் குட்டிகளை இழப்பதே அதன் வழமையான அடையாளம். மனிதரின் மூளை அழற்சியை வைத்தியசாலைகள் கணக்கெடுத்தன. பன்றியின் இருமல் கால்நடைத் துறையின் விடயமாக இருந்தது. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்ற முடிவுக்கு வர ஐந்து மாதங்களுக்கு மேல் எடுத்தது.

அந்த ஐந்து மாதங்களுக்குள் நோய் பயணம் செய்தது. நோய்ப்பட்ட பன்றிகளையும், நோய் இன்னும் வெளித்தெரியாத பன்றிகளையும், கையிலுள்ளது முழுவதும் போய்விடுமுன் விற்றுவிட வேண்டும் என்ற அச்சத்திற் சில பண்ணையாளர்கள் மலிவு விலைக்குக் கைமாற்றினர். அவர்களை மட்டும் குற்றஞ் சொல்வதிற் பயனில்லை. நோய் நுளம்பால் வருகிறது என்று அரசாங்கமே சொல்லும்போது, பன்றியை லொறியில் ஏற்றுவதில் ஆபத்து இருப்பதாக அவர்களுக்கு யார் சொல்வது? அந்த லொறிகளிலே வைரஸ் பேராக்கிலிருந்து தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குச் சென்றது. முதலில் சிக்காமாட் பகுதியிலும், 1999 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளில் ஒன்றான புக்கிட் பெலண்டோக்கிலும் அது வெடித்தது. மரணங்களிற் பெரும்பகுதி நிகழ்ந்தது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். அங்கிருந்து இறைச்சிக்காக ஏற்றுமதியான பன்றிகளோடு சிங்கப்பூருக்கும் நோய் போயிற்று. மார்ச் மாதத்தில் அங்கு கொல்களத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்று, ஒருவர் உயிரிழந்தார்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸியற் பயிற்சியில் இருந்த டொக்டர் சுவா கா பிங். 1999 மார்ச் மாதத் தொடக்கத்தில், இறந்த நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரை ஆய்வுகூடக் கலங்களில் இட்டு வளர்த்தபோது, அக்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்து பெரிய திரள்களாக மாறுவதை அவர் கண்டார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் இயல்பு அதுவன்று. மாதிரிகளை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவுக்குப் பயணமானார். அங்கு நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வுகூடத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் தெரிந்தது முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். சின்னமுத்து, கூகைக்கட்டு ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் உறவு. நோயாளியின் ஊரான சுங்கை நீபாவின் பெயரால் அது நீபா வைரஸ் எனப்பட்டது. நுளம்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பன்றியின் மூச்சிலும் சளியிலும் சிறுநீரிலும் இருந்து அது நேரே மனிதரைச் சென்றடைந்தது.

அதன் பின்னர் நடந்தது வேகமாகவும் கொடூரமாகவும் நடந்தது. பன்றிகளின் நடமாட்டம் தடை செய்யப்பட்டது. கிராமங்கள் வெறுமையாயின. இராணுவத்தினரும் சேர்ந்து பெப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரையில் ஏறத்தாழ 9 இலட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தனர். பின்னர் நாடு முழுவதும் நடத்தப்பட்ட பரிசோதனைகளில் அகப்பட்ட பண்ணைகளையும் சேர்த்தால் தொகை சுமார் 11 இலட்சம். நாட்டில் இருந்த பன்றிகளில் ஏறக்குறையப் பாதி. மே மாதத்தோடு மனிதரிடையே நோய் ஓய்ந்தது. மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர். பிழைத்தவர்களிற் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழிந்த பின்னர் மூளை அழற்சி மீண்டும் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பன்றி வளர்த்த குடும்பங்கள் பல அத்தொழிலுக்குத் திரும்பவேயில்லை.

இதுவரை சொன்னது மனிதருக்கும் விலங்குக்கும் இடையிலான கதை. பன்றிக்கு இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் மூன்றாவது தரப்பான சுற்றாடல் கதைக்குள் வந்தது.

அதற்கான தடயம் அவுஸ்திரேலியாவில் இருந்தது. 1994 இல் பிரிஸ்பேன் நகரின் ஹென்ட்ரா என்னும் புறநகர்ப் பகுதியில், பந்தயக் குதிரை இலாயம் ஒன்றில் குதிரைகள் திடீரென மடிந்தன. அவற்றைப் பயிற்றுவித்தவரும் இறந்தார். அதற்குக் காரணமான வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்வது ஈராண்டுகளின் பின்னர் தெரியவந்தது. நீபா அதன் நெருங்கிய உறவாக இருந்தபடியால், மலேசிய ஆய்வாளர்களும் வௌவாலைத் தேடிச் சென்றனர். தியோமான் தீவில் வௌவால்கள் தங்கும் மரங்களின் கீழ் விரிப்புகளை விரித்துச் சேகரித்த சிறுநீரிலும், அவை கடித்துப் போட்ட பழத்திலும் நீபா வைரஸ் இருந்தது.

நோய் முதலில் தோன்றிய பேராக் பண்ணையின் அமைப்பை இப்போது நினைத்துப் பார்ப்போம். ஆயிரக்கணக்கான பன்றிகள் நெருக்கமாக வளர்க்கப்பட்ட பெரும் பண்ணை. கொட்டில்களின் ஓரமாக மாமரங்கள். பன்றியும் பழமும் ஒரே நிலத்தில் இரட்டை வருமானம் தந்தன. இரவில் வௌவால் வந்து மாம்பழத்தைக் கடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே போடும். அது விழுவது பன்றியின் முன்னால். சிறிய பண்ணையாயின் வைரஸ் சில பன்றிகளைத் தாக்கிவிட்டுத் தானாகவே அவிந்திருக்கும். ஓயாமல் புதிய குட்டிகள் பிறந்துகொண்டிருந்த பெரும் பண்ணையில் அதற்கு எரிபொருள் தீரவில்லை.

1997-98 இல் இந்தோனேசியக் காடுகள் எரிந்து எழுந்த புகைமூட்டமும் எல் நினோ வரட்சியும் வௌவால்களைக் காட்டிலிருந்து பழத்தோட்டங்களுக்குத் துரத்தின என்று தொடக்கத்திற் கூறப்பட்டது. பண்ணையின் பதிவுகளை ஆராய்ந்த பின்னாளைய ஆய்வாளர்கள், புகைமூட்டத்துக்கு முன்னரே வைரஸ் பண்ணைக்குள் நுழைந்திருந்தது என்று காட்டினர். ஒரு காட்டுத் தீயின் மீது பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிட முடியாது. ஆண்டுக்கணக்காக நாம் நிலத்தைப் பயன்படுத்திய முறையே காரணம் என்பதுதான் அதன் பொருள்.

வௌவால்களைக் கொன்றுவிட்டால் தொல்லை தீருமே என்று கேட்போர் உண்டு. 2018 இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் நீபா தோன்றியபோதும் அந்தக் குரல் எழுந்தது. வௌவால்கள் காட்டு மரங்களின் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை, விதைகளைப் பரப்புபவை. அத்துடன், அவற்றை விரட்டினால் அவை சிதறிப் புதிய இடங்களுக்குச் செல்லும். அவுஸ்திரேலியாவில் 25 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. குளிர்காலத்திற் பூக்கும் காடுகள் அழிந்து உணவு கிடைக்காதபோது, வௌவால்கள் விவசாய நிலங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வந்தன. அக்காலங்களிலேயே ஹென்ட்ரா வைரஸ் குதிரைகளுக்குத் தாவியது. எஞ்சியிருந்த காடுகள் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கு திரும்பின, நோய் தாவவில்லை. ஒரு மரம் பூப்பதற்கும் ஒரு மனிதன் நோயின்றி இருப்பதற்கும் இடையில் இத்தகைய நேர்த் தொடர்பு உண்டு.

இப்பாடங்கள் செயலுக்கு வந்த இடங்களும் உள்ளன. மலேசியாவில் பழமரங்கள் பன்றிக் கொட்டில்களிலிருந்து விலக்கப்பட்டன. அவுஸ்திரேலியாவில் 2012 இல் ஹென்ட்ராவுக்கான தடுப்பூசி குதிரைகளுக்கென வெளியிடப்பட்டது. குதிரையைக் காத்தால் அதைப் பராமரிப்பவனும் காக்கப்படுவான் என்பது அதன் தத்துவம். பங்களாதேஷில் 2001 முதல் குளிர்காலங்களில் நீபா மீண்டும் மீண்டும் தோன்றியது. அங்கு பன்றி இடையில் இல்லை. இரவில் ஈச்ச மரத்திற் கட்டிய பானைக்குள் சொட்டும் இனிப்புச் சாற்றை வௌவாலும் நக்கிக் குடித்தது. விடியலில் அதே சாற்றை மனிதர் பச்சையாகக் குடித்தனர். மூங்கிற் கீற்றுகளாற் பின்னிய ஒரு தட்டியைப் பானைக்கு மேலாகக் கட்டிவிட்டால் வௌவால் அண்டாது என்று ஆய்வாளர்கள் நிரூபித்தனர். கோடிக்கணக்கில் செலவழித்து அமைக்கும் ஆய்வுகூடம் செய்ய முடியாததைச் சில நேரங்களில் ஒரு மூங்கிற் தட்டி செய்துவிடுகிறது. பனையிலும் தென்னையிலும் முட்டி கட்டிய சமூகத்தில் வந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

கேரளத்தில் 2018 இல் 17 உயிர்கள் போயின. ஆயினும் ஒரே குடும்பத்தில் இரண்டாவது நோயாளியைக் கண்ட வைத்தியர்கள் வழமையான பெயர்களோடு திருப்திப்படவில்லை. மாதிரிகள் உடனே அனுப்பப்பட்டு, சில நாட்களுக்குள் நீபா என்பது உறுதியாயிற்று. மலேசியாவில் ஐந்து மாதங்களுக்கு மேல் எடுத்தது இங்கு சில நாட்களாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கமே பல நூறு பேரைக் காத்தது என்பது என் எண்ணம்.

மனிதர், விலங்கு, சுற்றாடல் ஆகிய மூன்றின் நலத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதை இன்று 'ஒரே சுகாதாரம்' என்கிறார்கள். எண்ணம் புதியதல்ல. 19 ஆம் நூற்றாண்டின் ஜேர்மன் வைத்திய மேதை ருடோல்ஃப் விர்ஷோ, மனித வைத்தியத்துக்கும் விலங்கு வைத்தியத்துக்கும் இடையில் கோடு போட மறுத்தவர். அமெரிக்கக் கால்நடை வைத்தியர் கல்வின் ஷ்வாபே 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'ஒரே வைத்தியம்' என்று வாதாடினார். 2004 இல் நியூயோர்க்கில் கூடிய அறிஞர்கள் 12 கொள்கைகளை வகுத்தனர். உலக சுகாதார நிறுவனம், உணவு விவசாய நிறுவனம், உலக விலங்கு நல அமைப்பு ஆகிய மூன்றும் 2010 முதல் சேர்ந்து இயங்கின. சுற்றாடலுக்கான ஐ.நா. திட்டம் 2022 இல் நான்காவதாக இணைந்தது. சுற்றாடலுக்கு மேசையில் நாற்காலி கிடைக்க மேலும் 12 ஆண்டுகள் எடுத்தன என்பதையும் கவனிக்க வேண்டும். கொவிட் பெருந்தொற்றின் அனுபவத்துக்குப் பின்னர், 2025 மே மாதத்தில் உலக சுகாதார மாநாடு ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையிலும் இந்தக் கோட்பாடு இடம்பெற்றது.

உடன்படிக்கைகள் ஜெனீவாவில் எழுதப்படுகின்றன. நோய்கள் கொட்டிலிலும் வயலிலும் தொடங்குகின்றன. 2024 டிசெம்பரில், பெருமழையும் வெள்ளமும் ஓய்ந்த கையோடு, யாழ்ப்பாணத்திற் சிலர் காய்ச்சலாற் சில நாட்களுக்குள் உயிரிழந்தபோது, 'மர்மக் காய்ச்சல்' என்று செய்திகள் பறந்தன. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் எனத் தெரிந்தது. எலியினதும் கால்நடையினதும் சிறுநீர் வெள்ளத்திற் கலந்து, வயலில் இறங்கிய மனிதனின் காற்புண் வழியாக உள்ளே புகும் நோய் அது. பெயர் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. ஆபத்தில் இருந்தவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க முடிந்தது. மர்மம் என்று எதுவும் அதில் இருக்கவில்லை. மழை, எலி, மாடு, வயல், மனிதன் ஆகிய ஐந்தையும் ஒரே நேரத்திற் பார்க்கத் தவறினால் எல்லாமே மர்மந்தான்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நோய்ச் செய்தி வரும்போது, எத்தனை பேர் இறந்தனர், அமைச்சர் என்ன சொன்னார் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அந்த ஊரில் ஆடுமாடுகள் எப்படி இருக்கின்றன, காகங்கள் செத்து விழுந்தனவா, எந்தக் காடு வெட்டப்பட்டது, எந்தக் குளம் நிரம்பியது என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்த 1998 ஆம் ஆண்டுச் செய்தியில் ஒரு வரி கூடுதலாக இருந்திருக்கும்.

அன்று பேராக்கில் பன்றிகள் முதலில் இருமின. அதைக் கொட்டிலில் நின்றவன் கேட்டான். அவனிடம் போய்க் கேட்க வேண்டியவர்கள் கேட்கும்போது, அவனும் வைத்தியசாலைக் கட்டிலில் நினைவிழந்து கிடந்தான்.